பொண்ணு கேக்கப் போன பானை

காங்கேயம்
19-1-2025

கண்ணு மிதுனுக்கு,

அக்கா மோகனப்பிரியா எழுதறேன். நானும் உங்க மாமாவும் அம்மாவும் இங்க நல்லபடியா இருக்கறோம். உன்ற சளி விட்டுதா? மாத்திரை கீத்திரை கெடைக்குதா அந்த வடக்கத்திக் காட்டுல?

ஆளுக்கு ரெண்டு செல்போன் இருக்கற காலத்துல என்னையக் கடுதாசி எழுத வெச்சுட்ட பாரு. சிக்னல் இல்லாத ஊராப் பாத்துத்தான் போர் போடறதுன்னு உன்ற ரிக் ஓனரு சத்தியம் பண்ணியிருக்காரா? திருச்செங்கோட்டுல லாரியில பைப்பு ஏத்திட்டு உங்க முகாமுக்கு வர்ற ஜபருல்லாண்ணனுக்கு ஊடு நம்ம காங்கேயத்துலயே இருக்கறதால பொழச்சோம். இந்தக் கவரு அவரு கையில வருது.

சேதி என்னன்னு கேளு. சோடா மெஷினு வந்துருச்சு! உங்க மாமா தேங்காக் களத்து ஷெட்டுல பாதியக் காலி பண்ணிக் குடுத்துட்டாரு. பன்னீர், நன்னாரி, இஞ்சி எலுமிச்சை, மூணும் போட்டுப் பாத்தாச்சு. கோலிய அமுக்குனா 'டொப்'புனு ஒரு சத்தம் வருது பாரு, எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்துருது. கிறுக்கச்சின்னு உங்க மாமா சொல்றாரு. சொல்லட்டும்.

அம்மா மட்டும் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. சத்தம் கேட்டா எந்திரிச்சு ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளிக்குப் போயிருது. அப்பா மோட்டார் ரூம்ல தனியா உக்காந்து சோடா உடைச்ச சத்தம் அதுக்கு இன்னும் காதுல இருக்குது. குடிச்சு ஈரல் கெட்டுச் செத்த மனுசனுக்குச் சோடா என்ன பண்ணும்மான்னு சொல்லிப் பாத்துட்டேன்.

உனக்குத் தாராபுரத்துல இருந்து ஒரு பொண்ணு ஜாதகம் வந்துச்சு. மாப்பிள்ளைக்கு ரிக்குல வேலைன்னதும், வருசத்துல முக்காவாசி வெளியூரான்னு கேட்டுப்போட்டு, குடுத்த காப்பியக்கூட முழுசாக் குடிக்காம எந்திரிச்சுட்டாங்க. போறாங்க உடு.

வேளைக்குச் சாப்புடு. பதில் எழுதி ஜபருல்லாண்ணங்கிட்டயே தாட்டி உடு.

உன்ற அக்கா
மோகனப்பிரியா


பஸ்தர் முகாம்
6-2-2025

அக்காவுக்கு,

தம்பி மிதுன் எழுதறதுங்க. ரிக்குல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குது? மாமாவக் கேட்டதாச் சொல்லுங்க. சளி போயிருச்சுங்க. மாத்திரை கெடைச்சுது.

சோடா மெஷினுக்கு ரொம்பச் சந்தோசமுங்க்கா. நன்னாரி போட்டது எனக்கு ரெண்டு பாட்டில் வேணும்.

இங்க குடிக்கறது வேற மாதிரிங்க. சல்ஃபின்னு ஒரு மரம், நம்ம கூந்தல்பனைதான். அதுல எறக்குற கள்ளு. பொழுதோட, வெயில் தாழ ஊரே மரத்தடியில கூடுது. இலையத் தொன்னையா மடிச்சு, சுரைக்குடுவையில இருந்து ஊத்தித் தர்றாங்க. மறைவே கெடையாதுங்க. ஆம்பளை பொம்பளை எல்லாம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து குடிச்சு, ஊர்ச் சங்கதி பேசி, பாட்டுப் பாடிக் கலைஞ்சு போறாங்க. எனக்கும் நீட்டுனாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஊரே சிரிச்சுது.

அப்புறம் ஒரு ஊட்டுல இருந்து எனக்குன்னு கூழு வந்துச்சுங்க. 'பேஜ்'னு சொல்றாங்க. ராகிதான். நம்ம ஊரு கூழாட்டவே இருக்குது, கொஞ்சம் புளிப்பு தூக்கல். வெயில்ல பைப்பு தூக்கிட்டு வந்து அதக் குடிச்சா உச்சந்தல வரைக்கும் குளுருது.

ஜாதகமெல்லாம் இப்போதைக்கு வேண்டாமுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க.

தம்பி
மிதுன்


காங்கேயம்
16-2-2025

மிதுன் கண்ணுக்கு,

எல்லாரும் சொகம். அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் வாங்கியாச்சு. நீ கூழு குடிக்கறேன்னு படிச்சுக் காட்டுனதும் அம்மாவுக்குச் சந்தோசத்தப் பாக்கணுமே! 'கள்ளுக் குடுத்தும் தொடல பாரு என்ற பையன்'னு பக்கத்து ஊட்டுக்கெல்லாம் சொல்லிட்டு வந்துருச்சு. கூழு குடுத்த புண்ணியவதி யாருன்னு கேக்கச் சொல்லுச்சு.

அடுத்தது கேளு. அவிநாசியில வள்ளி கும்மி அரங்கேற்றம். எங்க குழுவும் ஆடுது. ஆடுற பொம்பளைங்க மட்டும் ஐநூறு பேரு, பாக்கற கூட்டம் தனி. சோடா முழுக்க நம்முளுதுன்னு கும்மி வாத்தியாரு வாக்குக் குடுத்துட்டாரு! எனக்குக் காலு தரையில நிக்கல. காலையில சோடா, பொழுதோட கும்மி. ராத்திரி தூக்கத்துலயும் கை தட்டறேனாம்.

நன்னாரி நாலு பாட்டில் அனுப்பியிருக்கறேன். ஒடையாம வந்துதான்னு எழுது. ஜாதகம் வேண்டாம்னா என்ன அர்த்தம்? அதையும் எழுது.

அக்கா


பஸ்தர் முகாம்
8-3-2025

அக்காவுக்கு,

நலமுங்க. அங்க எல்லாரும் நலமா இருக்கோணும். பாட்டில் நாலும் ஒடையாம வந்துச்சுங்க. ஒண்ணு நான் குடிச்சேன். மூணு இந்த ஊர்க்காரங்களுக்குக் குடுத்துட்டேன். கோலி உள்ள விழுந்தப்ப சின்னக் குழந்தைக அலறி ஓடி, திரும்பி வந்து இன்னொண்ணு உடைன்னு நின்னுதுக.

போரு போட்டதுல நல்ல தண்ணிங்க்கா! மொதல்ல புழுதி, அப்புறம் சேறு, அப்புறம் மரத்து ஒசரத்துக்குத் தண்ணி பீச்சி அடிச்சுது. பொம்பளைங்க கொடத்தோட சுத்தி நின்னு பாடுனாங்க.

தூரத்துக்காரா தூரத்துக்காரா,
பாறையத் தொளைச்சுத் தண்ணி குடுத்தே.
உன்ற தாகம் யாரு தீர்ப்பா,
ஊட்டுல கொடம் ஆரு வெப்பா?

இதுதான் அர்த்தம்னு சொன்னாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு தெரியல.

பேஜ் எப்படிச் செய்யறதுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. ராத்திரியே ராகி மாவக் கரைச்சு மூடி வெச்சறணும். வெடியால நொய்யரிசி கொதிக்கறப்ப, பாதி வெந்ததும் மாவ ஊத்தணும், முன்னாடி ஊத்துனாக் கட்டி தட்டிப்போகும். கை எடுக்காமத் துழாவணும். ஆறுனதுக்கு அப்புறந்தான் உப்பு. வெறகு புளியங்கட்டையா இருந்தா நின்னு எரியும்.

வேற சேதி ஒண்ணுமில்லீங்க.

தம்பி
மிதுன்


காங்கேயம்
17-3-2025

மிதுனுக்கு,

சொகம் விசாரிக்கறதெல்லாம் அப்புறம்.

கூழு குடிச்சேன்னு எழுது, நம்பறேன். நொய்யரிசி பாதி வெந்ததும் ஊத்தணும், ஆறுனதுக்கு அப்புறம் உப்புன்னு எழுதற பாரு, அங்க மாட்டிக்கிட்ட. நம்ம ஊட்டுல உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? அடுப்புப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கற. வெறகு என்ன கட்டைங்கற வரைக்கும் பாத்திருக்கற.

பாட்டுக்கு அர்த்தம் சொன்னாங்களாம். யாரு சொன்னாங்க?

ஜபருல்லாண்ணன மடக்கிக் கேட்டேன். 'தம்பி நல்லா இருக்காரும்மா, ரிக்கு அடுத்த ஊருக்குப் போயிருச்சு, தம்பி மட்டும் தெனமும் பைக்குல பழைய ஊருக்குப் போயிட்டு வர்றாரு'ன்னாரு. எதுக்குண்ணா போறான்னேன். 'கூழு குடிக்க'ன்னுட்டுச் சிரிச்சாரு. எனக்கு அங்கியே கைதட்டிக் கும்மியடிக்கலாமாட்ட இருந்துச்சு!

பேரு என்ன? அத மட்டும் எழுது.

அக்கா


காங்கேயம்
14-4-2025

கண்ணு மிதுனுக்கு,

சித்திரக் கனி பாத்துட்டு எழுதறேன். எல்லாரும் நல்லா இருக்கறோம். ஜபருல்லாண்ணன் ரெண்டு தடவ வந்து போயிட்டாரு, ரெண்டு தடவையும் வெறுங்கையி. கேலி பண்ணி எழுதுனது தப்பாப் போச்சா? கோவமா?

சரி, நீ எழுதலைன்னா நான் எழுதறேன். அரங்கேற்றம் முடிஞ்சுது! சாயங்காலம் ஆட்டம் ஆரம்பிக்கறப்ப கரண்டு போயிருச்சு. கூலர் நின்னு போச்சு. உங்க மாமா வேன எடுத்துட்டுத் திருப்பூருக்கு ஓடி ஐஸ் பார் ஏத்திட்டு வந்து, தொட்டியில போட்டுப் பாட்டில முக்குனாரு. மொத ஆட்டம் முடிஞ்சு பொம்பளைங்க வேர்த்து ஊத்த வந்தாங்க பாரு! அஞ்சாறு பேரு ஒரே நேரத்துல கோலிய அமுக்க, அந்த 'டொப் டொப்'பு தாளத்துல விழுந்துருச்சு. ஒருத்தி அதுக்குப் பாட்டெடுத்தா. அவ்வளவுதான், கடைக்கு முன்னாடியே இன்னொரு கும்மி. வாத்தியாரு மைக்குல கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கறாரு, ஒருத்தியும் மேடைக்குப் போகல! ஒரு பாட்டில் மிச்சமில்ல. அடுத்த மாசம் ரெண்டு ஊருக்கு ஆர்டரு.

இத்தன கூத்துலயும் உன்ற நெனப்புதான். யாரா இருந்தாலும் சொல்லு சாமி. அம்மாகிட்ட நான் பேசறேன்.

அக்கா


பஸ்தர் முகாம்
22-4-2025

அக்காவுக்கு,

கோவமில்லீங்க்கா. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

பேரு சோன்மதி. இங்க சுகாதார நிலையத்துல நர்சு. ஜனவரியில சளிக்கு மாத்திரை வாங்கப் போனப்பத் தெரியும். அவங்க ஊட்டுலதான் கூழு வந்துச்சு. கள்ள ஏன் தொடலைன்னு ஒரு நாள் கேட்டா. ஊர்ல யாருகிட்டயும் பேசாத அப்பா கதைய அவகிட்டச் சொன்னேன். அதுக்கப்புறம் நான் இருக்கறப்ப சல்ஃபி மரத்தடிக்கு அவ போறதில்ல. நான் போகச் சொன்னாலும் போறதில்ல.

எழுத முடியாமத் தவிச்சது இதுக்கில்லீங்க. இங்க ஒரு மொறை. பொண்ணு கேக்கறதுன்னா பையனோட ஊட்டாளுங்க இலுப்பைப்பூச் சாராயம் ஒரு பானை கொண்டு போகணும். பையனோட அம்மா கையால ஊத்தணும். பொண்ணோட அப்பா குடிச்சா சம்மதம். குடிக்காம வெச்சுட்டா இல்ல. சோன்மதியோட அப்பா லக்மு நல்ல மனுசன். என்னைய ரொம்பப் புடிக்கும். 'வெத்தலை பாக்கு கொண்டாரட்டுமா'ன்னு கேட்டேன். 'பானை இல்லாம யாரு ஊட்டுப் பொண்ணு போயிருக்குது'ங்கறாரு.

அப்பா ஒளிச்சு வெச்ச சாராயத்தப் பாட்டில் பாட்டிலா எடுத்துக் கல்லுல அடிச்சு ஒடைச்ச கையி நம்ம அம்மாளுது. அந்தக் கையில போயி எப்படிங்க்கா பானையக் குடுக்கறது?

ஜூன்ல மழை வந்தா ரிக்கு ஊருக்குத் திரும்பிரும்.

தம்பி
மிதுன்


காங்கேயம்
4-5-2025

மிதுன் கண்ணுக்கு,

படிச்சுட்டு மொதல்ல சந்தோசத்துல அழுதேன். சோன்மதி! நல்ல பேரு.

அம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன். நடந்தத அப்படியே எழுதறேன்.

அம்மா தேங்கா உரிச்சுட்டு இருந்துச்சு. கேட்டுட்டு, கைய நிறுத்தாம அதோட அண்ணன் அரங்கசாமி மாமாவ வரச் சொல்லுன்னுது. மாமா வந்து அம்மாகிட்டக் குதிச்சாரு. 'காளியாத்தா, சாதிசனம் தெரியாத காட்டுல போயிச் சம்பந்தம் பண்ணுவியா? ஒறம்பரை, சொந்தபந்தம் மூஞ்சியில எப்படி முழிக்கறது?'

அம்மா நிமிந்து பாத்துச்சு. 'சாதிசனத்துக்குள்ள பாத்துத்தானுங்கண்ணா எனக்குக் கட்டி வெச்சீங்க. நான் என்ன சொகத்தக் கண்டேன்?'

மாமா துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு விசில் அடிக்கலாமாட்ட இருந்துச்சு.

ஆனாப் பானைன்னதும் அம்மா மொகம் செத்துப்போச்சு. 'நானா? என்ற கையாலயா?'ன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போயிருச்சு. நாலஞ்சு நாளாத் தேங்கா உரிக்கறதும் பொடக்காளியில போயி உக்காரறதுமா இருந்துச்சு. இன்னைக்குக் காத்தால பேனாவும் பேப்பரும் கேட்டு வாங்கி என்னமோ எழுதி, மடிச்சு, ஒட்டிக் குடுத்துது. இதுகூட இருக்குது. நான் பிரிச்சுப் பாக்கல.

தைரியமா இரு.

அக்கா


காங்கேயம்
4-5-2025

மிதுன் கண்ணுக்கு அம்மா எழுதறது.

ஒடம்பப் பாத்துக்க. வெயில்ல தலைக்குத் துண்டு கட்டு.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அந்தப் பொண்ணு குடிக்குமா?

அம்மா
காளியாத்தாள்


பஸ்தர் முகாம்
15-5-2025

அம்மாவுக்கு,

தலைக்குத் துண்டு கட்டிக்கறேனுங்க.

குடிப்பாளுங்கம்மா. கல்யாணம், அறுவடை, சாமி கும்பிடறதுன்னா ஒரு தொன்னை. ஊரோட உக்காந்து, பெத்தவங்க கண்ணுக்கு எதுக்கவே. தனியாவோ ஒளிஞ்சோ குடிச்சு நான் பாக்கல. இங்க பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தானுங்க.

குடிக்க மாட்டான்னு எழுதியிருந்தா எனக்குச் சுலபம். ஆனா அப்பா நம்மள சாராயத்தால பாதி, பொய்யால பாதி கொன்னாரு. நான் பொய்ல ஆரம்பிக்க மாட்டேனுங்க.

நீங்க வேண்டாம்னா நான் மழைக்கு முன்னாடி ரிக்கோட வந்தர்றேன். உங்க மேல வருத்தப்பட மாட்டேன். வேற ஜாதகம் மட்டும் பாக்காதீங்க.

மகன்
மிதுன்


காங்கேயம்
27-5-2025

மிதுனுக்கு,

இந்தக் கடுதாசிய உனக்கு நீட்டுற கை ஜபருல்லாண்ணன் கை இல்ல. நல்லாப் பாரு. அம்மா வந்து எறங்கியிருக்குது!

ஐயோ, எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. உன்ற கடுதாசிய அம்மா படிச்சுட்டுத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிச்சு. நேத்து ஜபருல்லாண்ணன் லெட்டரு வாங்க வந்தாரு. அம்மா உள்ள இருந்து பையோட வந்துச்சு. 'உங்க லாரியில எனக்கு எடம் இருக்குதுங்களா?'ன்னு கேட்டுச்சு. அவரு, 'அம்மா, மூணு நாளு ஆகுங்க, குலுங்கும், முட்டி தாங்காது'ன்னாரு. 'ஊட்டுலயே உக்காந்திருந்தாலும் இந்த முட்டி வலிச்சுட்டுத்தான் இருக்குது. மாத்திரை மூணு வேளைக்கும் எடுத்துருக்கறேன்'னு சொல்லிருச்சு!

ரயில்ல போலாமுன்னு உங்க மாமா கெஞ்சுனாரு. 'டிக்கெட்டுக்குன்னு காத்திருந்தா மனசு மாறிப்போகும், இந்த லாரியிலயே கெளம்பறேன்'னுது. ரா முழுக்க முறுக்குச் சுட்டோம். வெடியால ஈரோட்டுல ஜவுளிக்கடை தெறந்ததும் சோன்மதிக்கு மாம்பழக் கலர்ல ஒரு சேலை எடுத்து, அங்கியே வண்டி ஏத்தி உடப் போறேன். சோடா ஆர்டரு தலைக்கு மேல கெடக்குது, இல்லைன்னா நானும் ஏறிருவேன்!

பானையத் தூக்கப் போகுதா, வேண்டாம்னு சொல்லி உன்னையக் கூட்டியாரப் போகுதா, சத்தியமா எனக்குத் தெரியாது. கேட்டதுக்கு, 'பொண்ணப் பாக்கறேன்'ன்னு மட்டும் சொல்லுச்சு.

ஒடனே எழுது. ஒடனே!

அக்கா


பஸ்தர் முகாம்
3-6-2025

அக்காவுக்கு,

உங்க தம்பி மிதுன் எழுதறேனுங்க. அம்மா நல்லா இருக்காங்க, முட்டி மட்டும் வீங்கியிருக்குது. சோன்மதி மருந்து தடவிக் கட்டுப் போட்டிருக்கா.

அம்மா எறங்குனதும், 'அந்தப் பொண்ணு வேலை செய்யற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ'ன்னாங்க. சுகாதார நிலையத்துப் பெஞ்சுல நோயாளியாட்ட உக்காந்துட்டாங்க. வந்திருக்கறது யாருன்னு தெரியாமலே சோன்மதி முட்டியப் பாத்தா, காலக் கழுவி விட்டா, மாத்திரை குடுத்தா, சாப்பிட்டீங்களான்னு சைகையில கேட்டுக் கூழு கொண்டாந்து குடுத்தா. அம்மா குடிச்சு முடிச்சு, வெளிய நின்ன என்னையப் பாத்து, 'பானை எங்கடா விக்குது?'ன்னாங்க.

நேத்துப் பகல்ல போனோம். பானையை நான் தூக்கறேன்னேன். 'தாய் தூக்கணும்னுதானே மொறை'ன்னு இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. சாராய வாடைக்கு முந்தானைய மூக்குல சுத்திக்கிட்டுத்தான் நடந்தாங்க. வழிநெடுக ஊரே பின்னாடி வந்துச்சு.

அம்மா குனிஞ்சு தொன்னையில ஊத்துனாங்க. லக்மு வாங்குனாரு, குடிக்கல. அவரு மண்ணுல மூணு சொட்டு விட்டாரு. அவங்க ஊட்டுல செத்தவங்களுக்காம். அப்புறம் அம்மாவப் பாத்து, 'உங்க ஊட்டுல போனவங்களுக்கும் நீங்க ஊத்தணும், அவங்க சம்மதமும் வேணும்'னாரு.

எனக்கு அதத் தமிழ்ல சொல்ல வாயே வரல. அம்மா என்ற மூஞ்சியப் பாத்தாங்க. 'உங்கப்பனுக்கு ஊத்தச் சொல்றாங்களா?'ன்னாங்க. தலையாட்டுனேன்.

பானையப் பாத்துட்டே நின்னாங்க. அப்புறம் பானைய எறக்கி வெச்சுட்டுப் பக்கத்துல இருந்த சொம்புத் தண்ணிய எடுத்து மண்ணுல ஊத்துனாங்க. எங்கிட்ட, 'அவரு பங்க அவரு இருக்கறப்பவே குடிச்சு முடிச்சுட்டாரு. இனித் தண்ணி போதும்னு சொல்லு'ன்னாங்க.

நான் இந்தியில சொன்னேன். லக்மு அம்மாவையே பாத்தாரு. தொடையத் தட்டிச் சிரிச்சாரு பாருங்க! சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணி. 'எங்கண்ணனும் அப்படித்தான் போனான்'னுட்டு, அம்மா கையில இருந்து சொம்ப வாங்கி அவரும் அண்ணனுக்குத் தண்ணி ஊத்துனாரு. அப்புறம் தொன்னையத் தூக்கி ஒரே மடக்கு! ஊரே கத்துச்சு. மேளம் அடிச்சுட்டாங்க. நான் அழுதுட்டேனுங்க்கா.

தொன்னை ஒவ்வொருத்தராச் சுத்தி வந்துச்சு. சோன்மதிகிட்ட வந்தப்ப அவ நம்ம அம்மாவப் பாத்துட்டு வாங்கவே இல்ல. கையப் பின்னால கட்டிக்கிட்டா. அவளோட சொந்தக்காரங்க மொகமெல்லாம் மாறிப்போச்சு. பொண்ணு வாங்கலைன்னா அவளுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தமாம்.

அம்மா அந்தத் தொன்னைய வாங்குனாங்க. மூக்குல சுத்தியிருந்த முந்தானைய எடுத்துட்டாங்க. சோன்மதி கையப் புடிச்சு இழுத்து அதுல வெச்சு, 'உன்ற ஊட்டு விசேசம். குடி கண்ணு'ன்னாங்க.

நான் இதுக்கு இந்தி சொல்லல. தேவப்படலீங்க.

கல்யாணத்துக்கு ஆவணியில நாள் பாக்கலாம்னு பேச்சு. நீங்களும் மாமாவும் கட்டாயம் வரணும், சோடா ஆர்டரெல்லாம் தள்ளி வெச்சுருங்க. ஜபருல்லாண்ணன் ஆரன் அடிச்சுட்டே இருக்காரு. அம்மாவ ஏறச் சொன்னேன். பொண்ணோட அம்மாகூட உக்காந்து பாட்டுக் கத்துக்கறாங்க. கையக் காட்டி, 'லாரி போகட்டும், பத்து நாளு கழிச்சு வாரேன்னு மோகனாவுக்கு எழுதிப்போடு'ங்கறாங்க.

தம்பி
மிதுன்